ஓவர்சியரின் துண்டுச் சீட்டுகள்

சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கென்று இருபது நிமிஷம் உண்டு. பகல் வேலை முடிந்திருக்கும், அமெரிக்கா இன்னும் பல் தேய்த்திருக்காது. அந்த இடைவெளியில் லேப்டாப்பை மூடிவிட்டு மாடிப்படி இறங்கி, ரமணா நகர்த் தெருவைத் தாண்டி செங்கம் ரோட்டுக்கு வருவேன். ஒரு டீ, ஒரு மசால் வடை. கடைக்கு வெளியே போட்டிருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தால் மலை தெரியும். சில நாள் ஆசிரமத்து மயில் ஒன்று மதில்மேல் வந்து நின்று, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அந்தப் பக்கம் பார்க்கும். சம்பளம் ஏறுகிற நாளை விட நான் அதிகமாகக் காத்திருப்பது இந்த இருபது நிமிஷத்துக்குத்தான்.

2021 ஊரடங்கில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஆறு மாசம் என்று வந்தது, நின்றுவிட்டது. ஆன்மிகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாடகை குறைவு, காற்று நன்றாக இருந்தது, நெட் கனெக்‌ஷன் ஓரளவு நின்றது. மீட்டிங் நடுவில் மயில் கத்தும். அந்தப் பக்கம் இருக்கிற ஆள், யாரோ குழந்தை அழுகிறது என்று நினைத்து, "போய்ப் பாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்பார். நான் மியூட் போட்டுக்கொண்டு சிரிப்பேன்.

போன மாதம் அந்த மெயில் வந்தது. இனி வாரம் மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும். இயலாதவர்கள் மேலாளரிடம் பேசவும். அந்தப் 'பேசவும்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி இருக்குது?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆபீசுக்கு வரச் சொல்றாங்கண்ணே."

"வேலன்னா ஆபீசுக்குப் போறதுதான சார்? இத்தினி நாளா ஊட்ல ஒக்காந்து நீங்க இன்னா பண்றீங்கன்னே எனக்குப் புரியல."

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் கதையைச் சொல்வார்கள். ஐ.ஐ.டி. படிப்பை விட்டு வந்தவர், லண்டனில் வீட்டை விற்றுவிட்டு வந்தவர், பிசினஸைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தவர். எனக்கு அந்த வாரம் வேண்டியிருந்தது வேறு மாதிரி ஆட்கள். லீவ் போட்டு வந்தவர்கள், அல்லது ஆபீஸ் விட்டதும் மலையேறிவிட்டு மறுநாள் காலை மறுபடி ஆபீஸ் போனவர்கள். அப்படி யாராவது இருந்தார்களா என்று ராத்திரியில், கோடு பில்ட் ஆகிற நேரத்தில், தேட ஆரம்பித்தேன். தேடப் போனால், ரமணரைப் பற்றி நமக்குத் தெரிந்த பழைய விஷயங்களில் முக்கியமானவை பல அவர்கள் கையால்தான் வந்திருக்கின்றன.

*

ஆரம்பமே ஒரு குமாஸ்தா வேலையை மறுத்ததில் இருக்கிறது.

1896 ஆகஸ்ட் 29. மதுரை. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக அதை மூன்று முறை எழுதிக்கொண்டிருக்கிறான். பெயின் எழுதிய இலக்கணப் புத்தகம் அது. இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறை கை ஓடவில்லை, நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டுக் கோபமாக ஒன்று சொன்னார். இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பும் வீடும் எதற்கு என்ற மாதிரி.

எனக்கு அந்த மூன்றாவது நகல் முக்கியமாகப் படுகிறது. பையனின் அப்பா சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீல். அவர் இறந்தபின் பிள்ளைகள் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கன் மிஷன் பள்ளி, மெட்ரிகுலேஷன், அப்புறம் ஏதாவது ஒரு கச்சேரியில் உத்தியோகம். அந்தக் காலத்து மத்தியதர வீடுகளில் பையன்களுக்குப் போட்டு வைத்திருந்த தண்டவாளம் இதுதான். ஒரே வாசகத்தைப் பிழையில்லாமல் மூன்று முறை எழுதுவது என்பது தண்டனை மட்டும் இல்லை, வரப்போகிற வேலைக்கான பயிற்சியும்கூட. நகல் எடுத்து நகல் எடுத்தே முப்பது வருஷம் ஓய்வூதியம் வரைக்கும் போய்ச் சேர்ந்த ஆட்கள் எத்தனையோ பேர்.

ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பையன் எழுந்தான். "அப்படியே பெட்டியிலிருந்து அஞ்சு ரூபா எடுத்து என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு" என்று அண்ணன் சொல்ல, அது வழிச்செலவாகிவிட்டது. ஐந்தில் மூன்றுதான் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். கடிதத்தில் கையெழுத்து கிடையாது. ஆனால் கட்டாத ஃபீஸ் பற்றியும், கூட வைத்திருக்கிற இரண்டு ரூபாய் பற்றியும் கணக்கு இருக்கிறது. உலகத்தைத் துறக்கப் போகிறவன் வரவுசெலவு எழுதி வைத்துவிட்டுப் போவதை நினைத்து நான் ரொம்ப நேரம் சிரித்தேன். தண்டவாளத்தை விட்டு இறங்கினாலும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

இன்னொரு வேடிக்கை. அவன் பார்த்த அட்லஸ் பழசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போட்டாகிவிட்டது, அந்த வரைபடத்தில் அது ஏறவில்லை. அதனால் திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன் என்று நினைத்து, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு அங்கே டிக்கெட் வாங்கினான். வண்டியில் பக்கத்தில் இருந்த மௌல்வி ஒருவர்தான் விழுப்புரத்தில் மாறினால் போதும் என்று விவரம் சொன்னார். அப்டேட் ஆகாத மேப்பை நம்பி முட்டுச்சந்தில் நின்ற யாருக்கும் அந்தப் பையன்மேல் ஒரு தோழமை வரும்.

அந்த வண்டி ஓடியது மெட்ராஸ் நேரத்தில். இந்திய நேரம் என்று ஒன்று 1906-ல்தான் வந்தது. அதுவரை நாட்டு ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் வானாய்வகத்தின் கடிகாரத்தைத்தான் கேட்டன. இன்றைய நேரத்துக்கு அது சுமார் ஒன்பது நிமிஷம் பின்னால் இருக்கும். என் லேப்டாப்பில் மூன்று கடிகாரம் ஓடுகிறது, நியூஜெர்சிக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, இந்த ஊருக்கு ஒன்று. அடுத்தவன் கடிகாரத்துக்கு உட்கார்ந்து எழுந்திருப்பது நம் தலைமுறை கண்டுபிடித்த கஷ்டம் இல்லை.

செப்டம்பர் 1 அன்று பையன் இங்கே வந்து இறங்கினான். பேச்சு நின்றுபோனது. ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம் என்று இருந்துவிட்டு 1899-ல் மலைமேல் விருபாட்ச குகைக்குப் போனார். அதற்கு அடுத்த வருஷமே, அவர் மதுரையில் தள்ளிவிட்டு வந்த நோட்டும் பேனாவும் அவரைத் தேடி மலையேறி வந்தன.

*

கொண்டு வந்தவர் கம்பீரம் சேஷய்யர். திருவண்ணாமலை முனிசிபாலிட்டியில் ஓவர்சியர்.

ஓவர்சியர் என்றால் என்ன வேலை என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ரோடு, சாக்கடை, கட்டடம், காண்ட்ராக்டர் போட்ட ஜல்லி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. நாள் முழுக்க வெயிலில் நின்று கத்த வேண்டிய உத்தியோகம். அவருக்கு ராமர்மேல் பக்தி. யோகம் பற்றிய புத்தகங்கள் வாங்குவார், விவேகானந்தரின் ராஜயோகப் பேச்சுகளைப் படிப்பார், பாதி புரியாது. புரியாததை எடுத்துக்கொண்டு குகைக்குப் போவார். இருபது, இருபத்தோரு வயதுச் சாமி பேசமாட்டார். ஆனால் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். சேஷய்யர் அடுத்த கேள்வியோடு இன்னொரு நாள் வருவார். 1900-லிருந்து 1902 வரை இப்படியே போயிற்று.

அந்தச் சீட்டுகளை அவர் எறியவில்லை. சேர்த்து வைத்து நோட்டில் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு அந்தக் காகிதங்கள் அவர் சகோதரர் வீட்டிலிருந்து வந்தன. நடனானந்தர் அவற்றை ஒழுங்கு செய்து தொகுக்க, 'விசார சங்கிரகம்' என்ற நூல் ஆயிற்று.

சாதாரண பக்தர் என்ன செய்வார்? விழுந்து கும்பிடுவார், விபூதி வாங்குவார், கண்ணீர் விடுவார், போய்விடுவார். சீட்டைப் பத்திரப்படுத்துவது பக்தி மட்டும் செய்கிற காரியம் இல்லை. அது ஆபீஸ் பழக்கம். கேள்வி எழுத்தில் இருக்கணும், பதில் எழுத்தில் இருக்கணும், இரண்டும் ஒரே கட்டில் இருக்கணும். நாங்கள் இன்றைக்கு டிக்கெட் என்கிறோம், அவர்கள் கோப்பு என்றார்கள். என் வேலையில் பாதி, முந்தி இருந்தவன் எதையுமே எழுதி வைக்காமல் போனதால் வருகிற வேலை. அதனால் ஓவர்சியர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அடுத்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்தவர், தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் ரெவின்யூ பிரிவில் உத்தியோகம். அப்போது திருவண்ணாமலை தென்னார்க்காட்டில்தான் இருந்தது, தலைமையிடம் கடலூர். 1902-ல் அலுவல் நிமித்தமாக இங்கே வந்தார். தரிசனத்துக்கு வரவில்லை, யாத்திரை வரவில்லை. கேம்ப் வந்தார். மலைமேல் ஒரு இளம் சாமி இருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலைக்கு நடுவில் ஏறிப்போய்ப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: நான் யார்?

என் அம்மா 26 வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். இதைப் படித்துக் காட்டினேன். "அப்ப டி.ஏ. வாங்கியிருப்பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெவின்யூல இருந்தா அந்தக் கேள்வி வரத்தான்டா செய்யும்" என்றாள். பட்டா யார் பேரில், அனுபவம் யார் கையில், வாரிசு யார், மனு கொடுத்தவன் யார். நாள் முழுக்க 'யார், யார்' என்றே கேட்கிற உத்தியோகம் அது என்பது அம்மாவின் கட்சி. சரியோ தப்போ, எந்த உரையாசிரியரும் இப்படி ஒரு விளக்கம் சொல்லி நான் படித்ததில்லை.

பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டப்பட்டன. மணலில் எழுதினால் அடுத்த பதிலுக்கு முந்தினதை அழிக்க வேண்டும். பிள்ளை இறங்கி வந்து நினைவிலிருந்து எழுதி வைத்துக்கொண்டார். அச்சில் வந்தது 1923-ல். இருபத்தோரு வருஷம் அந்தக் குறிப்புகள் அச்சேறாமல் கிடந்தன. பிறகு ரமணரே அதைக் கட்டுரையாகவும் திருத்தி எழுதினார். இன்றைக்கு ஆசிரமப் புத்தகக் கடையில் எத்தனையோ மொழிகளில் அடுக்கி வைத்திருக்கிற மெல்லிய புத்தகம், ஒரு ரெவின்யூ உத்தியோகஸ்தர் கேம்ப் வந்த இடத்தில் எடுத்த குறிப்பு.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1910 முதல் இங்கே சூப்பர்வைசராக இருந்த ராகவாச்சாரியார் அடிக்கடி மலையேறுவார். எப்போது போனாலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் மனசைத் திறக்கக் கூச்சம், ஒன்றும் கேட்காமலே இறங்கிவிடுவார். ஒருநாள் மூன்று கேள்விகளைத் தயார் பண்ணிக்கொண்டு போனார். அன்றைக்கும் கூட்டம். ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தாமாக எழுந்து போய்விட்டார்களாம். அன்று அவர் கண்டதாகச் சொல்லும் காட்சிகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அந்தக் கூச்சம் நன்றாகப் புரிகிறது. 1911-ல் வேலூருக்கு உதவிப் போலீஸ் சூப்பிரண்டாக வந்த ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ், தெலுங்கு சொல்லிக்கொடுக்க வந்த முன்ஷியைப் பிடித்து, அவர் மூலமாகக் குகைக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய கடிதங்கள் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தன. ரமணரைப் பற்றி வெளிநாட்டில் அச்சான ஆரம்ப எழுத்துகளில் அவை சேரும்.

ஓவர்சியர், ரெவின்யூ, சூப்பர்வைசர், போலீஸ். எல்லாம் கவர்ன்மென்ட் உத்தியோகம்.

*

இவர்களுக்கெல்லாம் என் நாலு மணி டீ மாதிரி ஏதாவது இருந்திருக்குமா?

டீ இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. காப்பியே அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி எப்படித் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, அதைப் பற்றி எவ்வளவு பயந்தார்கள், எவ்வளவு திட்டினார்கள், திட்டிக்கொண்டே எப்படிக் குடித்தார்கள் என்று. பழைய சோறும் நீராகாரமும் போய்க் காப்பி வந்ததற்கும், பத்து மணிக் கச்சேரி வந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நாள் என்பதை இங்கே தொடங்கி இங்கே முடி என்று ஒரு மேஜை தீர்மானித்த பிறகுதான், நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளிக்கு ருசி வருகிறது. நாள் முழுக்க நாம் வைத்த நேரம் என்றால் நாலு மணி டீக்கு என்ன இருக்கிறது?

அந்த ருசி எல்லாருக்கும் ஒன்று போலக் கிடைக்கவில்லை. காப்பி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்று சாதி பார்த்தார்கள். 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957-ல்கூடப் போராட வேண்டியிருந்தது. ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஆசாரம் பார்க்கிற பிராமணர்களுக்குத் தனிப் பக்கம் இருந்தது. ரமணர் இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தனக்கென்று எதையும் கூடுதலாக வைக்கவிடாமல், எல்லாருக்கும் வைத்ததைத்தான் அவர் சாப்பிட்டார். தடுப்பு மட்டும் அங்கேயே இருந்தது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்துப் பந்தியின் இனிமையை மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அதிகாரிகள் அலுவல் போக மிச்ச நேரத்தில் மலையேறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், தினமும் ஏறியவர் எச்சம்மாள். மண்டகொளத்தூர்க்காரர். கணவனையும் குழந்தைகளையும் அடுத்தடுத்து இழந்து இந்த ஊருக்கு வந்தவர். தன் வீட்டில் சமைத்து, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறி, குகைக்குச் சாப்பாடு கொண்டுபோவதை 1945-ல் சாகிறவரைக்கும் தன் வேலையாக வைத்திருந்தார். குகை மாறி ஸ்கந்தாசிரமம், அது மாறிக் கீழே ஆசிரமம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கேம்ப் கிடையாது, டி.ஏ. கிடையாது. அவர் கேட்ட கேள்விகளை யாரும் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கவில்லை.

ஒர்க் ஃப்ரம் ஹோம் நன்றாக இருக்கிறது என்று நான் நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம், பதினொரு மணிக்கு மேஜைக்கு வருகிற மோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த மோர் தானாக வருவதில்லை. எச்சம்மாளைப் பற்றிப் படிக்கிற வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

மலையடிவாரத்தில் இப்போது ஆசிரமம் இருக்கிற இடம் 1922-க்குப் பிறகு உண்டானது. அந்த மே மாதம் ரமணரின் தாய் அழகம்மாள் இறந்தார். சமாதி இங்கே, அதைச் சுற்றி முதலில் ஒரு ஓலைக் கொட்டகை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிறுவனம். நிறுவனம் என்றால் ஆபீஸ் வந்துவிடும், அதற்கு விதிவிலக்கு கிடையாது.

அந்த ஆபீசை நடத்தியவர் ரமணரின் தம்பி நாகசுந்தரம். முன்னாளில் திருவெண்காட்டுக் கோயிலில் குமாஸ்தா. துறவு வாங்கி நிரஞ்சனானந்தர் ஆனார், எல்லாருக்கும் சின்னசாமி, பதவி சர்வாதிகாரி. பழைய பக்தர்களின் நினைவுக்குறிப்புகளைப் படித்தால் அவர்மேல் புகார் ஏராளமாக இருக்கும். கண்டிப்பு, கணக்கு, யாரை எங்கே தங்கவிடுவது என்ற தகராறு. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அண்ணன் காசைக் கையால் தொடமாட்டார், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும், கட்டடம் எழும்ப வேண்டும். யாராவது ஒருவர் கெட்ட பேர் வாங்கித்தான் ஆக வேண்டும். ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லாத ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது?

பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1931 வாக்கில் வந்து தங்கினார். அவர் புத்தகம் 1934-ல் வெளியானது. அதன் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் தபால் வர ஆரம்பித்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த காட்சி. தபால்கட்டு ஹாலுக்கு வரும். ரமணர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். ஆபீசில் பதிலுக்கு வரைவு எழுதுவார்கள். அந்த வரைவு திரும்ப ஹாலுக்கு வரும். அவர் பார்த்துத் திருத்தம் இருந்தால் சொல்வார். அதன்பிறகுதான் தபாலில் சேரும். புத்தகங்களுக்குப் புரூஃப் வந்தால் அதையும் பார்ப்பார், ஒற்றுப்பிழை தப்பாது. பழைய புத்தகம் கிழிந்திருந்தால் தைத்து பைண்ட் பண்ணுவார். ஒரு பக்கம் காலியாக இருக்கிற காகிதத்தை வீணாக்கவிடமாட்டார். மதுரையில் மூன்றாவது நகலை எழுத மாட்டேன் என்று எழுந்துபோன பையன், ஐம்பது வயதுக்கு மேல் தமிழ், தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் என்று நாலு மொழியில் அழகான கையெழுத்தில் நகல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு முன்னால், விடியாத நேரத்தில், சமையலறையில் காய் நறுக்குவார். 1930-களில் அங்கே வேலை செய்த சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் ஆகியோர் சொல்லி வைத்திருக்கிற நினைவுகள் எனக்குத் தத்துவ நூல்களை விடச் சுவாரசியமாக இருக்கின்றன. கீரைத்தண்டைக்கூடத் தூக்கிப்போடவிடாத தலைமைச் சமையல்காரரிடம் திட்டு வாங்கி வேலை கற்ற கதை அது. அவர்களுக்கும் அவரோடு பேசக் கிடைத்த நேரம் அந்த அடுப்படி நேரம்தான்.

எல்லாமே மணிப்படி நடக்கும். சாப்பாட்டு மணி, பாராயணம், மலைப்பக்கம் நடை, தபால். உலகத்தை விட்டு ஓடி வருகிறவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது, ஒரு வகையில் பார்த்தால், அவர்கள் விட்டு வந்ததை விட ஒழுங்காக நேரம் காக்கிற ஒரு இடத்துக்கு.

*

இப்போது என் இரண்டு வார விஷயம்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று ரமணரிடம் கேட்டவர்கள் அநேகம். 1935 முதல் 1939 வரை முனகால வெங்கடராமையா எழுதி வைத்த உரையாடல்களிலும், 1945-லிருந்து 1947 வரை தேவராஜ முதலியார் (இவரும் சித்தூரில் வக்கீலாக இருந்தவர்தான்) எழுதிய நாட்குறிப்பிலும் அந்தக் கேள்வி வேறு வேறு ஆட்களின் வாயில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் உற்சாகப்படுத்தவே இல்லை. இப்போது குடும்பஸ்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அப்போது சந்நியாசி என்று நினைத்துக்கொண்டிருப்பாய், நினைப்பு உன் கூடவே வரும் என்பது அவர் சொல்வதன் சாரம். கேட்டவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பியிருப்பார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர் மற்றவர்களை ஓடாதே என்கிறாரே என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

சிவப்பிரகாசம் பிள்ளை 1910-ல் ராஜினாமா செய்தார். சொல்லிக் கேட்டு இல்லை, தாமாக. ராஜினாமாவோடு குழப்பம் தீர்ந்துவிடவில்லை. 1913-ல் மனைவி இறந்துபோக, மறுமணம் செய்துகொள்வதா, இப்படியே இருந்துவிடுவதா என்று அவர் மறுபடி அலைமோதினார். 'நான் யார்?' என்று கேட்டு எழுதி வாங்கிய மனிதருக்குப் பதினோரு வருஷம் கழித்து வந்த கேள்வி, அடுத்து என்ன செய்வது என்பது. இதைப் படித்தபோது அவர்மேல் எனக்குப் பிரியம் கூடியது. சேஷய்யரைப் போல வெறும் மரியாதை இல்லை, பிரியம்.

ராஜினாமா மெயிலை டைப் பண்ணி வைத்திருந்தேன். மூன்று வரி. அனுப்புகிற நேரத்தில் வீட்டு லோன் ஞாபகம் வந்தது, அம்மாவின் கண் ஆபரேஷன் ஞாபகம் வந்தது. அதை விட, இந்த ஊர் எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று யோசித்தேன். நாள் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எனக்கு மூன்றே நாளில் பைத்தியம் பிடித்துவிடும், கொரோனா வந்து படுத்தபோது பரீட்சித்துப் பார்த்தாகிவிட்டது. எனக்குப் பிடித்தது அந்த நாலு மணி. வேலை இருக்கிறதால்தான் நாலு மணி இருக்கிறது. இதை நான் ஞானம் என்று சொல்லமாட்டேன், சோம்பேறித்தனத்துக்கும் பயத்துக்கும் இதில் பங்கு உண்டு.

"நீ போடா. நான் இருக்கேன்" என்றாள் அம்மா. "ஆசிரமத்துல சாயங்காலம் பாராயணம் இருக்கு, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு. நாப்பது கிலோமீட்டர் பஸ்ல போய் நான் டைப் அடிக்கலையா?"

"எப்படிம்மா இருந்துச்சு அது?"

"பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா நல்லாருக்கும்" என்றாள்.

மேலாளரிடம் பேசினேன். செவ்வாய், புதன், வியாழன் சென்னை. நாவலூரில் நண்பன் அறையில் ஒரு பாய் இடம். செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ் பிடித்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கிப் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். வியாழன் ராத்திரி கிளம்பினால் வெள்ளி எனக்கு.

திங்கட்கிழமை உள்பாதை வழியாக ஸ்கந்தாசிரமம் வரைக்கும் ஏறினேன். அங்கிருந்து கீழே பார்த்தால் பெரிய கோயிலின் கோபுரங்கள், அதைச் சுற்றி ஊர், முனிசிபாலிட்டி போட்ட தெருக்கள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் விருபாட்ச குகை. வெயில் தாழ்ந்த நேரத்தில் கையில் கேள்வியோடு ஓவர்சியர் ஏறி வந்திருக்கிற வழி அந்தப் பக்கம். கால் வலித்தது, திரும்பிவிட்டேன். ஐந்தரைக்கு மீட்டிங் இருந்தது.

இறங்கி வரும்போது டீக்கடையில் மணி நாலே முக்கால்.

"அப்ப நாளைலேர்ந்து வரமாட்டீங்க?" என்றார் மாஸ்டர்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன்ணே."

"வடை எட்த்து வெக்கட்டா?"

"வையுங்க. பஸ் லேட்டாச்சுன்னா அம்மா பாராயணம் முடிஞ்சு இந்தப் பக்கமாத்தான் வருவாங்க, அவங்ககிட்ட குடுத்துடுங்க. சூடா குடுங்க, ஆறினா சாப்பிடமாட்டாங்க."